பேராக் தோட்டத்துச் செம்மண் சாலைகளும் நம் பிள்ளைகளின் சாகசப் பயணமும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் ஒரு வண்ணத் துண்டறிக்கை கைமாறுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கோப்பெங், கம்பார், ஈப்போ சுற்றுவட்டாரங்களில் நான்கு சக்கர இயக்க வண்டியில் காட்டுப் பயணம், ஏடிவி எனப்படும் தடித்த டயர் வண்டியில் செம்பனைத் தோட்டச் சவாரி, இடையில் ஓர் ஆற்றுக் குளியல், மதிய உணவு உட்பட இத்தனை ரிங்கிட் என்று அதில் அச்சிட்டிருக்கும். படத்தில் சேறு தெறித்த முகத்துடன் பிள்ளைகள் சிரிப்பார்கள். கூட்டம் முடிந்ததும் யாரேனும் ஒரு தாயார் அருகில் வந்து, "இது பாதுகாப்பானதுதானா, ஆசிரியரே?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்.

நியாயமான கேள்வி. ஆனால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடையளிக்க இயலாத கேள்வி. அந்தப் பயணங்கள் செல்லும் பாதைகளிற் பெரும்பகுதி நேற்று முளைத்தவையல்ல. அவை பழைய இரப்பர்த் தோட்டங்களின் உட்சாலைகள். நம் பெரியவர்கள் 'ஈய லம்பம்' என்று சொல்லும் சுரங்க நிலங்களின் ஓரப் பாதைகள். அவற்றை வெட்டியவர்களும் அவற்றில் அன்றாடம் நடந்தவர்களும் நம் பாட்டன் பாட்டிமாரே. அச்சாலைகளில் யார் எந்த வண்டியில், எந்த இருக்கையில் ஏற்றப்பட்டார்கள் என்பதை அறிந்தால், இன்று நம் பிள்ளை ஏறப்போகும் வண்டியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது ஓரளவு விளங்கும்.

பேராக்கில் இரப்பரின் கதை 1877-ஆம் ஆண்டு கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து தொடங்குகிறது. மூன்று பத்தாண்டுகளுக்குள் கிந்தா பள்ளத்தாக்கில் காடுகள் அழிந்து இரப்பர் நிரல்கள் எழுந்தன. பத்து காஜாவில் 'கெல்லிஸ் காசல்' என்னும் முடிவுறாத மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் உரிமையாளர் வில்லியம் கெல்லி சுமித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஆல்மா பேக்கர் என்பாருடன் சேர்ந்து பத்து காஜா வட்டாரத்தில் 9,000 ஹெக்டேர் காட்டை வெட்டித் திருத்தும் குத்தகையில் பொருளீட்டியவர். அப்பணத்தில் ஆயிரம் ஏக்கர் வாங்கித் தோட்டம் அமைத்தார். மாளிகைப் பணியின்போது பரவிய விஷக் காய்ச்சலில் தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டதும், அவர்கள் வேண்டுகோளுக்கிணங்க அருகில் மாரியம்மன் கோயில் எழுந்ததும் பலரறிந்த செய்தி. மாளிகையைப் படம் எடுக்கும் நம் மாணவர்கள், அதற்குச் செல்லும் வழியை வெட்டியவர் யார் என்று கேட்பதில்லை. நாமும் சொல்லிக் கொடுப்பதில்லை.

தோட்டச் சாலை இரண்டு ஊர்களை இணைப்பதற்காகப் பிறந்ததன்று. பாலைச் சேகரிப்பு நிலையத்திலிருந்து ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. ஆகவே அது குன்றின் வளைவைத் தழுவிச் செல்லும். ஓரத்தில் தடுப்பு இராது. ஓடை குறுக்கிட்டால் மரக்கட்டைகளை அடுக்கிப் பாலமாக்கியிருப்பார்கள். வெயிலில் கல்போல் இறுகிக் கிடக்கும் அதே செம்மண், அரைமணி நேர மழையில் சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும். தொழிலாளிக்கு அச்சாலை நடப்பதற்கு மட்டுமே. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்கு நடந்தார்கள். பால் நிறைந்த காண்டா வாளிகளைத் தோளில் சுமந்து திரும்ப நடந்தார்கள். வழுக்கும் இடமும் வெள்ளம் ஏறும் ஓடையும் அவர்களுடைய கால்களுக்குத் தெரிந்திருந்தன. எந்த வரைபடத்திலும் அவை இல்லை.

வரைபடத்தில் இல்லாத பாதையின் பெறுமதியைப் போர் காட்டிற்று. 1942 ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானியர் டாங்கிகளைக் கொண்டு தாக்கியபோது, பெருஞ்சாலையை நேராக்கியதால் கைவிடப்பட்டிருந்த பழைய வளைவுச் சாலைகள் வழியே சுற்றிவந்து பிரிட்டிஷ் இந்தியப் படையின் பின்புறத்தை அடைந்தனர். பாதுகாத்து நின்றவர்கள் அவ்வளைவுகளைப் பொருட்படுத்தவில்லை. பேராக்கின் உட்பாதைகளை அறிந்தவனுக்கே அவை துணை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இருக்க முடியாது.

அந்தப் போர்தான் ஜீப்பையும் உலகெங்கும் கொண்டுபோயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் சிறிய வண்டி. சேற்றிலும் மேட்டிலும் ஏறும். போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுத் தட்டுப்பாடு நிலவியதால் அலுமினிய உடலுடன் ஒரு வண்டியை உருவாக்கி, 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வைத்தார்கள். அதுவே லேண்ட் ரோவர். உழவர்க்காகச் செய்த வண்டி அது. அது வெளிவந்து ஏழு வாரங்கள் கூட ஆகாத நிலையில், மலாயாவின் தோட்டச் சாலைகள் போர்க்களமாயின.

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்தில் காலை எட்டரை மணியளவில் ஆர்தர் வாக்கர் என்ற துரை அவருடைய அலுவலகத்திலேயே சுடப்பட்டார். சிறிது நேரத்தில் வேறொரு தோட்டத்தில் ஜான் அலிசன் என்பவரும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டனர். பாடநூல்களில் அவசரகாலத்தின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது. பாடநூலில் இல்லாத ஒன்று: அதே நாளில் குறிவைக்கப்பட்ட இன்னொரு துரை உயிர் தப்பியதற்குக் காரணம், அவருடைய ஜீப் வழியில் பழுதானதுதான். அவர் தாமதமாக வந்தார். தேடி வந்தவர்கள் காணாது திரும்பினார்கள். வண்டி பழுதானதால் ஒருவர் பிழைத்த கதை வரலாற்றில் அபூர்வம். பழுதானதால் மாண்ட கதைகளே மிகுதி. அவற்றுள் ஒன்றைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1960 ஜூலை 31 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டச் சாலைப் பயணம் இரண்டு வகையாகப் பிரிந்தது. துரைமார் தங்கள் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இரும்புத் தகடு அடித்துக்கொண்டனர். காவலர் முன்னும் பின்னும் வந்தனர். தொழிலாளர் திறந்த லோரியில் சென்றனர். லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. இரும்புத் தகடு குண்டைத் தடுத்திருக்கலாம். ஆயினும் வண்டியின் மேற்பாரம் கூடினால் சாய்வில் அது எளிதில் கவிழும் என்பது இயற்பியல் படித்த யாருக்கும் தெரியும். ஒரு ஆபத்துக்குக் கவசம் பூட்டும்போது மற்றோர் ஆபத்து வளர்கிறது. இன்று கூரைமேல் மூட்டை முடிச்சுகளும் உபரிச் சக்கரமும் ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகளைக் காணும்போது எனக்கு அந்தத் தகடுகள் நினைவுக்கு வருகின்றன.

பழுதான வண்டியின் கதைக்கு வருவோம். அது பேராக்கில் நடந்ததன்று. பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் நடந்தது. 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி தம் துணைவியாருடனும் செயலாளருடனும் ரோல்ஸ் ராய்ஸ் காரில் மலைக்குப் புறப்பட்டார். காவலர் நிறைந்த லேண்ட் ரோவரும், வயர்லெஸ் வேனும், கவச வண்டியும் உடன் சென்றன. வழியில் வயர்லெஸ் வேன் பழுதாகி நின்றது. வரிசை அதற்காகக் காத்திருக்கவில்லை, முன்வண்டிகள் தொடர்ந்தன. வளைவொன்றில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். கர்னி காரைவிட்டு இறங்கி நடந்து உயிர்விட்டார். உடனிருந்த இருவரும் காருக்குள் தாழ்ந்து கிடந்து தப்பினர். செய்தி அனுப்பக்கூடிய ஒரே வண்டி பின்தங்கிவிட்டிருந்தது.

பதுங்கித் தாக்குவோர் இன்று இல்லை. ஆனால் வரிசைப் பயணத்தின் இலக்கணம் மாறவில்லை. வழிகாட்டியுடன் செல்லும் சாகசப் பயணம் ஒன்றில் ஐந்து வண்டிகள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டியில் தலைமை வழிகாட்டி. கடைசி வண்டியில் யார்? அவரிடம் தொடர்புக் கருவி உண்டா? ஒரு வண்டி நின்றால் எல்லாம் நிற்குமா? தோட்டத்து மடிப்புகளிலும் மலைச்சரிவிலும் கைத்தொலைபேசிக்கு அலை கிடைப்பது அரிது. ஏடிவி சவாரியில் இது இன்னும் முக்கியம். நடுவில் செல்லும் பிள்ளையொன்று வளைவில் பாதை மாறினால், முன்னே போகும் வழிகாட்டி திரும்பிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. கடைசி வண்டியில் பொறுப்பான ஆள் இல்லாத வரிசையை நான் வரிசையென்றே கொள்ளமாட்டேன்.

அவசரகாலம் முடிந்தது, லோரி முடியவில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். லோரியின் பின்தட்டில் நின்றபடி, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு, வாளியும் கத்தியும் காலடியில் உருள, வேலைக்காட்டுக்குப் போனார்கள். திருவிழாவுக்கும் அதே லோரி. பந்து விளையாட்டுக்கும் அதே லோரி. சில இடங்களில் பள்ளிக்கும் அதே. பின்னர் டிராக்டரும் இழுவை வண்டியும் வந்தன. பிள்ளைகள் ஓடிச்சென்று இழுவையின் ஓரத்தில் தொற்றிக்கொள்வதை வீரம் என்று நினைத்தோம்.

உலகின் வேறு பகுதிகளில் அதே காலத்தில் வேறு சிந்தனை நடந்துகொண்டிருந்தது. டிராக்டர் கவிழ்ந்து உழவர்கள் நசுங்கி இறப்பதைக் கண்ட சுவீடன், 1959 முதல் புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் வலுவான சட்டகம் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் இயற்றியது. மூன்று முனை இருக்கை வாரை வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் அறிமுகப்படுத்தியதும் அதே ஆண்டில்தான். கவிழும் வண்டியில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை: சட்டகம் நசுங்காத இடத்தைத் தருகிறது, வார் ஆளை அந்த இடத்துக்குள் இருத்துகிறது. வார் அணியாதவர் வெளியே எறியப்பட்டு, அதே வண்டியின் அடியில் அகப்படுவார். மலேசியாவில் முன்னிருக்கை வார் 1979-இல் கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக்கு அக்கட்டாயம் வர 2009 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள்! பின்னால் அமர்பவர் எப்போதும் பின்னால்தான் நினைக்கப்படுகிறார்.

இன்றைய மலைப்பயண வண்டிகளுக்கும் இது பொருந்தும். பழைய நீளமான லேண்ட் ரோவர்களின் பின்பகுதியில் பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கைகள் உண்டு. அவற்றுட் பலவற்றில் வார் இருப்பதில்லை. அத்தகைய வண்டியில் ஓட்டுநருக்கு வார், பிள்ளைகளுக்குக் கைப்பிடி என்பதே நிலைமை. சில இடங்களில் திறந்த பின்தட்டில் பிள்ளைகளை நிற்கவைத்தும் ஏற்றிச் செல்கிறார்கள். 'நின்றுகொண்டு போவதுதான் மகிழ்ச்சி' என்று சொல்வார்கள். நம் பாட்டிமார் அப்படித்தான் நின்றார்கள்; மகிழ்ச்சிக்காக நிற்கவில்லை. வண்டியில் இருக்கைக்கு ஒருவர், ஒருவருக்கு ஒரு வார், தலைக்குமேல் உறுதியான சட்டகம், கை கால் வெளியே நீட்டாமை. இவ்வளவும் பொருந்தாத வண்டியில் பிள்ளையை ஏற்ற மறுப்பது மரியாதைக்குறைவு ஆகாது.

இரப்பர் தோட்டங்கள் எப்படிக் கேளிக்கை நிலங்கள் ஆயின என்பது தனியே எழுதவேண்டிய கதை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்கள் வாங்க வழிசெய்தார். ஆயினும் காலப்போக்கில் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. நம்மவர்கள் லயங்களை விட்டு நகரோரங்களுக்குப் பெயர்ந்தனர். ஈயத்தின் வீழ்ச்சியோ ஒரே நாளில் இடிவிழுந்தது போன்றது. 1985 அக்டோபர் 24 அன்று லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மிஞ்சியவை நீர் நிறைந்த பள்ளங்களும் மணல் மேடுகளும். மேலே காய்ந்து, உள்ளே களியாகக் கிடக்கும் சகதி நிலமும் அவற்றோடு சேர்த்தி. 1997 முதல் நம் நாட்டில் மழைக்காலத்திலேயே நடத்தப்படும் மழைக்காட்டு வண்டிப் பந்தயம் சேற்றுச் சவாரிக்கு ஒரு கவர்ச்சியைத் தந்தது. இத்தகைய நிலங்களுக்குச் சுற்றுலா ஒரு புதிய பயனைக் கண்டது இயல்பே. நான் அதை வெறுக்கவில்லை. பாட்டன் வெட்டிய நிரையைப் பேரன் காண ஒரு வழி இருக்கட்டும். ஆனால் லம்பக் குளத்தின் கரையோரம் வண்டி ஓட்டலாமா என்பதை அவ்விடத்தை மழையிலும் வெயிலிலும் கண்ட ஒருவரே சொல்ல முடியும்.

ஏடிவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் பலர் இதைப் பொம்மை வண்டி என எண்ணிக்கொள்கிறார்கள். 1970-இல் ஹோண்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். அமெரிக்காவில் அது பரவப் பரவ, கவிழ்ந்து மாண்டோரும் முடமானோரும் பெருகினர். அவர்களுட் சிறுவர் பலர். இறுதியில் 1988-இல் நீதிமன்றத்தின்வழி ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர வண்டி விற்பனை அங்கு நின்றது. நான்கு சக்கர வண்டிகளுக்கும் பயிற்சியும் வயது வரம்பும் விதிக்கப்பட்டன. 16 வயதுக்குட்பட்டோர் பெரியவர்களுக்கான வண்டியை ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கைச் சீட்டு அக்காலத்திலிருந்து வருவதே. பல வண்டிகளின் சக்கரக் காப்பின் மேல் இன்றும் அது ஒட்டப்பட்டிருக்கும். சேற்றைத் துடைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் நேர்ந்த மரணங்களுக்குப் பின், 2021 அக்டோபர் முதல் விற்கப்படும் பொதுப் பயன்பாட்டு வண்டிகளில் கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

வயது வரம்பு ஏன்? இவ்வண்டி 200 கிலோவுக்கும் மேல் கனக்கக்கூடியது. குறுகலானது, உயரமானது. மோட்டார் சைக்கிளைப் போல் சாய்ந்து திரும்பாது. காரைப் போல் தரையோடு ஒட்டியும் நில்லாது. திரும்பும்போதும் சரிவில் ஏறும்போதும் ஓட்டுபவர் தம் உடலை இடப்பக்கமோ வலப்பக்கமோ, முன்னோ பின்னோ மாற்றி எடையைச் சமன்செய்ய வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த எடையும் இல்லை, கைநீளமும் இல்லை. 'தந்தை ஓட்டட்டும், பிள்ளை பின்னால் அமரட்டும்' என்பதும் தீர்வாகாது. ஒருவருக்கென்று செய்த வண்டியில் இரண்டாமவர் ஏறினால், ஓட்டுபவர் உடலை மாற்ற இடமில்லாமல் போகும். மேட்டில் முன்சக்கரம் தூக்கும். இருவருக்கென்றே செய்த வண்டிகள் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பப்பள்ளி மாணவர்களுக்கு ஏடிவி ஓட்டும் நடவடிக்கை வேண்டாம் என்பதே என் முடிவு. இதில் எனக்கும் சில சக ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு, இருக்கட்டும்.

வண்டியைவிட நான் அஞ்சுவது தண்ணீரை. 1996 ஆகஸ்டு 29 அன்று கம்பாருக்கு அருகில் போஸ் டிப்பாங்கில் நடந்ததை மறந்தவர்களும் அறியாத இளம் பெற்றோர்களும் இருக்கக்கூடும். மலையில் பெய்த பெருமழைக்குப் பின், மண்ணும் மரத்தண்டுகளும் கலந்த வெள்ளம் சுங்கை டிப்பாங் வழியே இறங்கிப் பழங்குடி மக்களின் குடியிருப்பை அடித்துச் சென்றது. 44 உயிர்கள் போயின. இப்போது சாகசப் பயணங்கள் நடைபெறும் கோப்பெங், கம்பார் ஆறுகள் இதே தித்திவாங்சா மலைத்தொடரிலிருந்து இறங்குபவை. நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்; மேல்மலையில் மழை கொட்டியிருக்கும். மலாய் மக்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் அந்தத் திடீர் வெள்ளத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. தெளிந்த நீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், நீர்மட்டம் உயரும், மேலிருந்து இரைச்சல் கேட்கும். கண்டவுடன் உடைமைகளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறவேண்டும். ஓடையைக் கடந்து வண்டியை மீட்கலாம் என்று எண்ணக்கூடாது. நவம்பர் மாதப் பிற்பகலில் ஓடை கடக்கும் பயணத்துக்கு நாள் குறிப்பவரிடம், காலையிலேயே முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

இந்த அறிவெல்லாம் யாரிடம் இருக்கிறது? கோப்பெங்கை அடுத்த உலு கெரோவில் ரஃப்லேசியா மலரைக் காட்ட அழைத்துச் செல்பவர்கள் அங்கேயே வாழும் செமாய் மக்கள். நேற்று எங்கே மரம் விழுந்தது, எந்த ஓடை இன்று ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டம், சுற்றுலா நடத்தும் நிறுவனமும் வழிகாட்டியும் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். அதோடு நின்றுவிடாமல் ஓட்டுநரையும் கவனியுங்கள். நல்ல ஓட்டுநர் ஓடையைக் கண்டதும் இறங்கி ஆழத்தைப் பார்ப்பார். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைப்பார். பிரேக்கை மட்டும் நம்பமாட்டார். சரிவில் நேராக இறங்குவார், குறுக்கே திருப்பமாட்டார். மழை பலத்தால் 'இன்று இவ்வளவுதான்' என்று திரும்புவார். அப்படித் திருப்பியவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டுச் சண்டையிடும் பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். அவ்வாறு சண்டையிட்டால், அடுத்த முறை அவர் திரும்புவாரா?

சவாரியைப் பற்றி இவ்வளவு கேட்கும் நாம், அங்கே போய்ச்சேரும் சாலையை மறந்துவிடுகிறோம். 2010 டிசம்பர் 20 அன்று சிம்பாங் பூலாய் – கேமரன் மலைச் சாலையில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். 2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே நேர்ந்த விபத்தில் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேரை இழந்தோம். நாளைய ஆசிரியர்கள் அவர்கள். அதே ஆண்டு ஜூலை முதல் சுற்றுலாப் பேருந்துகளில் இருக்கை வார் அணிவதைக் கட்டாயமாக்கினார்கள். பேருந்து புறப்படுமுன் ஒவ்வொரு வாரும் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க உடன்செல்லும் ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும்.

இறுதியாக, அந்தப் படிவம். பயணத்துக்கு முதல்நாள் பிள்ளையின் புத்தகப்பையில் ஒரு தாள் வரும். 'எவ்வித விபத்துக்கும் நிறுவனம் பொறுப்பாகாது. வழக்குத் தொடரமாட்டேன்' என்னும் பொருளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கும். பெரும்பாலோர் படிக்காமலே கையொப்பமிட்டு அனுப்புவார்கள். 1910-இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில் நம் முன்னோர் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். நமக்குப் படிக்கத் தெரியும்.

நான் வழக்கறிஞன் அல்லன். ஆயினும் பெற்றோர் இரண்டு செய்திகளை அறிந்திருப்பது நலம். 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழில் நடத்துபவருக்குத் தம் தொழிலாளர் மட்டுமன்றி, அத்தொழிலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களிடத்தும் கடமை உண்டு என்கிறது. அடுத்து, 2018 டிசம்பரில் நம் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கிக் கடன் வழக்கில், ஒருவர் இழப்பீடு கோருவதை முற்றாக அடைத்துவிடும் ஒப்பந்த விதி 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவின்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. கையொப்பமிட்டுவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டியதில்லை.

படிவத்தைத் திருப்பி அனுப்பும்போது அதன் கீழே உங்கள் கையெழுத்தில் சில வரிகள் சேர்த்து எழுதுங்கள்: பிள்ளையின் வயது, எடை, ஆஸ்துமா போன்ற நோய் ஏதேனும் உண்டா என்பது, ஏடிவி ஓட்ட அனுமதி உண்டா இல்லையா என்பது, மழை வந்தால் பயணத்தை நிறுத்த உங்களுக்குச் சம்மதம் என்பது. ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.